குடிசைகளை எண்ணிய தலைவர்

பம்பாய் செம்பூரில் இருந்த முனிசிபல் அலுவலகத்தின் வாசலில், அறுபதுகளில் ஒரு நாள், ஜனதா காலனிக் குழந்தைகள் சாரிசாரியாக வந்து, ஆளுக்கொரு காகிதப் பொட்டலத்தை இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். பொட்டலங்களுக்குள் இருந்தது, அவர்களுடைய காலனியில் அள்ளுவாரின்றிக் குவிந்து கிடந்த குப்பை. உல்லாசப் பயணம் என்று சொல்லி அவர்களை அழைத்து வந்தவர், 1946-இல் கோலார் தங்கவயலில் பிறந்து, மீசை அரும்பும் வயதில் பம்பாய்க்கு வந்து, தச்சு வேலை செய்து பிழைத்து, தங்க இடமின்றித் தெருவில் படுத்துறங்கிய ஜோக்கின் அற்புதம் என்னும் தமிழ் இளைஞர். மனுக்களால் அசையாத முனிசிபாலிட்டி இந்தக் குறும்பினால் அசைந்தது. குப்பையை ஓரிடத்தில் சேர்ப்பது ஜனங்களின் வேலை, அதை அகற்றுவது முனிசிபாலிட்டியின் வேலை என்று ஓர் ஏற்பாடும் பிறந்தது.

இப்படிப்பட்ட வெற்றிகள் ஒருவரை எளிதில் தலைவராக்கிவிடும். ஊர்வலம், முற்றுகை, கோர்ட்டுத் தடையுத்தரவு என்று அடுத்த பத்தாண்டுகள் கழிந்தன. சிறைவாசமும் அவருக்குப் பழகிப்போயிற்று. ஆயினும் எந்தக் காலனியின் பொருட்டு அவர் இத்தனையும் செய்தாரோ, அந்த ஜனதா காலனியை அவரால் காப்பாற்ற முடியவில்லை. டிராம்பே அணுசக்தி நிலையத்தை ஒட்டியிருந்த அந்த நிலம் நிலையத்துக்குத் தேவைப்பட்டது. நெருக்கடி நிலை அமலில் இருந்த 1976 மே மாதத்தில், சுமார் எழுபதாயிரம் பேர் வாழ்ந்த குடியிருப்பு இடித்துத் தள்ளப்பட்டு, ஜனங்கள் சீத்தா கேம்ப்புக்குக் குடியேற்றப்பட்டார்கள்.

தோல்வியுற்ற முறையைக் கைவிடுவது யாருக்கும் கடினமன்று. தனக்குப் பெயரும் புகழும் தேடித் தந்த முறையை, அதன் எல்லை இதுதான் என்று கண்டவுடன் பரணில் ஏற்றிவைக்கத் துணிவதே, தொழிற்சாலையை நடத்துபவருக்கும் சரி, தொண்டு ஸ்தாபனத்தை நடத்துபவருக்கும் சரி, பெரும் சோதனை. ஜோக்கினுக்கு அந்தத் துணிவு இருந்தது. எழுபதுகளின் நடுவில் தாம் தொடங்கிய தேசியக் குடிசைவாசிகள் சம்மேளனம் எத்தனையோ இடிப்புகளை எதிர்த்துக் கோஷமிட்டும், ஏழைகளின் கைக்கு உருப்படியாக ஒன்றும் வந்து சேரவில்லை என்பதை அவர் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்.

மாற்று வழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஷீலா படேல் முதலிய சில படித்த பெண்மணிகள் 1984-இல் ‘ஸ்பார்க்’ என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கி, பைகுல்லா வட்டாரத்தில் நடைபாதையில் குடியிருந்த பெண்களோடு வேலை செய்து வந்தார்கள். மறு வருஷம் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட், ஜீவிக்கும் உரிமையில் ஜீவனோபாயமும் அடக்கம் என்று சொல்லிவிட்டு, நடைபாதைக் குடிசைகளை முறைப்படி அகற்றலாம் என்றும் தீர்ப்பளித்தது. நகரமே இடிப்பை எதிர்பார்த்திருந்த வேளையில் அந்தப் பெண்மணிகள் செய்த காரியம், நடைபாதைவாசிகளைக் கணக்கெடுத்து வெளியிட்டதுதான். ஜோக்கின் தம் சம்மேளனத்தை அவர்களோடு இணைத்தார். போர்க்குணம் போய்விட்டது என்று முணுமுணுத்தவர்கள் இருந்திருப்பார்கள், இல்லாதிருந்தால்தான் ஆச்சரியம்.

கணக்கெடுப்பு சர்க்கார் சமாசாரமாயிற்றே, அதில் புதுமை என்ன என்று கேட்கலாம். இந்த இணைப்புக்குப் பின் கணக்கெடுத்தவர்கள் குடிசைவாசிகளே என்பதுதான் புதுமை. கதவுக்குக் கதவு எண் எழுதி, சந்துகளை வரைபடமாக்கி, யார் எத்தனை வருஷமாக இருக்கிறார், என்ன தொழில் செய்கிறார் என்று குறித்து, எழுதியதை அந்தச் சந்திலேயே வாசித்துக் காட்டித் திருத்திக்கொள்வார்கள். இதன் பலன் ரயில் பாதை ஓரத்தில் பிரத்தியட்சமாகத் தெரிந்தது. தண்டவாளத்தை ஒட்டிய குடிசைகளால் மும்பையின் மின்ரயில்கள் சில இடங்களில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தன. அங்கே எண்பதுகளின் கடைசியிலேயே கணக்கெடுப்பு நடந்திருந்தபடியால், உலக வங்கிக் கடனில் ரயில்பாதை விஸ்தரிப்பு வந்தபோது, பட்டியல் ஜனங்களின் கையில் தயாராக இருந்தது. 2000-ஆம் ஆண்டையொட்டி சுமார் அறுபதாயிரம் பேர் போலீஸ் தடியின்றி, குடிசைகளைத் தாங்களே பிரித்துக்கொண்டு, மான்குர்ட், செம்பூர் வாஷி நாக்கா போன்ற இடங்களுக்குப் பெயர்ந்தார்கள்.

இன்னொரு மாறுதலும் உண்டு. அதையே நான் பெரிதென்பேன். 1986-இல் உருவான ‘மஹிளா மிலன்’ என்ற பெண்கள் அமைப்பிடம் சேமிப்பு, வீட்டு வடிவமைப்பு, கழிப்பறை நிர்வாகம் எல்லாம் போய்ச் சேர்ந்தன. நாள்தோறும் வீடுவீடாகச் சென்று ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று வசூலித்த பெண்களுக்கு, எந்த வீட்டில் நோய், எந்த வீட்டில் வேலையில்லை என்பதெல்லாம் வசூலின்போதே தெரிந்துவிடும். வீடு எத்தனை உயரம் வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, அடியும் அங்குலமும் பழகாத அவர்கள் தங்கள் புடவையைப் பிடித்து அளந்து பார்த்தார்கள். பரண் போட்டு மேலே படுக்க வசதியாகப் பதினான்கு அடி உயர அறை வேண்டும் என்று அப்படி வந்த யோசனை, தாராவியில் மார்க்கண்டேயா கூட்டுறவு வீட்டுச் சங்கத்தின் கட்டடத்தில் உருப்பெற்றது. எஞ்சினீயர்கள் இதை விதிக்குப் புறம்பானது என்று நினைப்பது சகஜம். ஒற்றை அறையில் ஆறேழு பேர் படுப்பது எப்படி என்பது அவர்களுக்குத் தெரிந்த வித்தையன்று.

புணேயில் 1999 முதல் நூற்றுக்கணக்கான பொதுக் கழிப்பறைகளை இந்தக் கூட்டணி முனிசிபாலிட்டியோடு சேர்ந்து கட்டியது. 1996-இல் பல தேசத்துக் குடிசைவாசிகளின் சம்மேளனம் ஒன்றும் தோன்றிற்று. மகசேசே விருது 2000-இலும், பத்மஸ்ரீ 2011-இலும் ஜோக்கினுக்குக் கிடைத்தன. 2018 அக்டோபரில் அவர் காலமானார்.

சர்க்காரோடும் வங்கியோடும் கைகோத்தது சமரசம் என்ற குற்றச்சாட்டைப் புறக்கணிக்க முடியாது. பேச்சுவார்த்தை மேஜைக்குப் போகிறவர் சிலவற்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் பழைய ஆயுதத்தை அவர் உருக்கிவிடவில்லை. தாராவி புனர்நிர்மாணத்தில் ஜனங்களைக் கலக்காமல் எதுவும் நடந்தால் தண்டவாளத்தில் உட்காருவோம் என்ற எச்சரிக்கையும், கலந்தால் ஒத்துழைப்போம் என்ற உறுதியும் 2007-இல் ஒரே மூச்சில் சொல்லப்பட்டன.

அந்தப் புனர்நிர்மாணம் 2022-இல் அதானி குழுமத்தின் கைக்குப் போய், 2024-இல் தாராவியில் வீட்டுக்கு வீடு எண்ணிடும் வேலை தொடங்கிற்று. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவருக்கு அங்கேயே இலவச வீடு. பிற்பாடு வந்தவருக்கும் மாடியில் குடியிருப்பவருக்கும் வேறு விதி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தலைமுறைகளாக வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் நெருங்கி வாழும் சந்துகளில் இரும்பு ஏணி வைத்து ஏறும் மாடி அறைகள் ஏராளம். அவற்றின் எண்ணிக்கையைத் தாங்களே எடுத்து வைத்திருக்கும் சந்துக்காரர்கள், எண்ணிட வருபவரிடம் தைரியமாகக் கேள்வி கேட்கலாம்; மற்றவர்கள் அவர் எழுதிக்கொண்டு போனதை நம்பியிருக்க வேண்டியதுதான்.