காயம்பட்ட கடல் சாமந்திக்குப் பொறுமையே மருந்து

1828இல் ஸ்காட்லாந்துக் கடலோரத்தில் சர் ஜான் டேலியல் எடுத்து வளர்த்த கடல் சாமந்தி ஒன்று, அவர் மறைந்த பிறகும் 1887 வரை கண்ணாடிச் சாடியில் வாழ்ந்தது. அத்தனை ஆயுள் கொண்ட உயிர், வீட்டு உப்புநீர்த் தொட்டியில் பம்பில் சிக்கிக் கிழிந்துபோவதுண்டு.

உடனே பம்பை நிறுத்துங்கள். பிடித்து இழுக்காமல் மெல்ல விடுவியுங்கள். பம்பின் வாயில் நுரைப்பஞ்சு பொருத்திய பிறகே மீண்டும் ஓடவிடுங்கள். மீன்களுக்கான செப்பு மருந்து இதற்கு நஞ்சு. பாறையைப் பற்றும்வரை உணவும் வேண்டாம். தின்னாத உணவு நீரைக் கெடுக்கும். சிறிது சிறிதாக நீரை மாற்றுங்கள். ஜொகூர் பாரு வெக்கையில் தொட்டிநீர் சூடேறும். மின்விசிறி அல்லது குளிரூட்டும் கருவியால் 26 பாகை செல்சியஸ் அளவில் வைத்திருங்கள்.

வாய் இறுக மூடி, கால் பாறையைப் பற்றினால் நல்ல அறிகுறி. உடல் கரைந்து நாறினால் தாமதிக்காமல் அகற்றுங்கள். அதிலிருந்து வரும் அம்மோனியா மீன்களையும் கொன்றுவிடும்.