மூட்டு வலியும் அதைச் சுமக்கும் நரம்பும்

ஜவ்வாது மலையில் பங்குப் பணியாற்றும் நமக்குப் பழகிப்போன காட்சி ஒன்று உண்டு. திருப்பலியில் எழுந்தேற்றத்தின்போது முதிய தாய்மார்கள் முழந்தாளிட முயன்று, இயலாமல் தூணைப் பற்றிக்கொள்வார்கள். சாமைக் கதிரைக் குனிந்து அறுத்தும், விறகுச் சுமையோடு சரிவுகளில் இறங்கியும் தேய்ந்துபோன கால்கள் அவை. நலமில்லாதோர் உட்கார்ந்தே மன்றாடலாம் என்று எத்தனை முறை கூறினாலும் அவர்கள் கேட்பதில்லை!

அவர்களுள் ஒருவர் அண்மையில் நம்மிடம், "சாமி, நரம்பைச் சுட்டால் மூட்டு வலி போய்விடும் என்கிறான் மகன். கால் விளங்காமல் போய்விடாதா?" என்று வினவினார். நியாயமான அச்சமே.

முழங்காலின் வலியை மூளைக்கு எடுத்துச் செல்பவை மூட்டைச் சுற்றியுள்ள மெல்லிய நரம்புக் கிளைகள். அவற்றுள் மூன்றைத் தேர்ந்து, எக்ஸ்-ரே அல்லது ஸ்கேன் துணையுடன் ஊசியைச் செலுத்தி, ரேடியோ அலையால் ஊசிமுனையை 70 அல்லது 80 டிகிரிக்குச் சூடாக்குவர். ஒவ்வோரிடத்திலும் ஒன்றரை நிமிடமளவே வேலை. காலை அசைக்கும் பெருநரம்பை அவர்கள் தீண்டுவதில்லை. முழங்காலின் வெளிப்புறக் கீழ்ப்பகுதியில் அத்தகைய நரம்பு ஒன்று அருகில் ஓடுவதாலேயே அவ்விடத்தைப் பொதுவாகத் தவிர்க்கின்றனர். முதலில் மரத்துப்போகும் மருந்தை மட்டும் செலுத்திச் சோதிப்பர். வலி பாதியேனும் குறைந்தால்தான் அடுத்த படி.

தென்கொரிய மருத்துவர்கள் 38 முதியோரிடம் இதனைச் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டனர். சிகிச்சை பெற்றோரில் பத்துக்கு ஆறு பேர் வீதம் 12 வாரங்களுக்குப் பின்னும் வலி பாதிக்குமேல் தணிந்திருந்தனர். பின்வந்த ஆய்வுகள் அனைத்தும் இதே அளவு நன்மையைக் காட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இடுப்பு மூட்டுக்கும் இம்முறை உண்டு, ஆயினும் அங்கே பெரிய இரத்தக் குழாய்கள் அருகில் இருப்பதால் கூடுதல் கவனம் தேவை, சான்றுகளும் குறைவு.

நாம் அந்த அம்மாளுக்கு அழுத்திக் கூறியது வேறொன்று. தேய்ந்த குருத்தெலும்பு இதனால் வளர்வதில்லை. வலியின் செய்திதான் தடைபடுகிறது. நோய் அங்கேயே இருக்கிறது. சுட்ட நரம்பு மீண்டும் வளரும். ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ வலியும் திரும்பக்கூடும். அந்த இடைவெளியில் நடந்து பழகித் தொடைத் தசையை வலுப்படுத்துவோர்க்கே முழுப் பயன். வலியில்லை என்று மறுநாளே விறகுக் கட்டைத் தலையிலேற்றினால் மூட்டுக்குத்தான் கேடு. மூட்டு மாற்று அறுவையைத் தாங்க இயலாத இதய நோயாளருக்கும், அதற்குச் சற்றுக் காலம் தாழ்த்த விரும்புவோருக்கும் இது உதவலாம்.

அதுவரை அவர் செய்துவந்தது என்ன தெரியுமா? பெட்டிக்கடையில் வாங்கிய வலி மாத்திரையை நாள்தோறும் இரண்டு வேளை விழுங்கிவந்தார். குடற்புண்ணும் சிறுநீரகக் கேடும் இவ்வாறுதான் வந்து சேர்கின்றன. நரம்பைச் சுடுவதற்கு அஞ்சியவர் இதற்கு அஞ்சவில்லை!

திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வேலூர் அடுக்கம்பாறையிலோ எலும்பு மருத்துவரை முதலில் காணுமாறு மகனிடம் கூறினோம். இச்சிகிச்சை அவருக்கு ஏற்றதா, எங்கே கிடைக்கும் என்பதை அவரே சொல்வார். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தாலோ, இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்டாலோ முன்னதாகவே தெரிவிக்க வேண்டும். பழைய எக்ஸ்-ரே படத்தோடு, அம்மாள் விழுங்கிவந்த மாத்திரையின் அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லச் சொல்லி அனுப்பினோம்.