உஷார்! ட்ராக்குக்கு வைத்த அலைன்மென்டோடு ரோட்டில் இறங்காதீர்கள்

அல்வால், பொல்லாரம், லோத்துகுண்டா பக்கம் காரைத் தரையோடு தரையாக இறக்கி வைத்துக்கொண்டு திரியும் பிள்ளைகளே, கொஞ்சம் நில்லுங்கள். அவர்களைப் பெற்றவர்களே, நீங்களும்தான்.

உங்கள் காரின் முன் டயரை உள்பக்கமாகக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? தெருவில் போகிறவர் கண்ணுக்குத் தெரிகிற ஓரம் இல்லை. என்ஜின் பக்கம் திரும்பி, இருட்டில் இருக்கிறதே, அந்த ஓரம்.

பார்த்ததே இல்லையா? அப்படியென்றால் இது உங்களுக்குத்தான்.

2023 பிப்ரவரியில் ஹுசைன் சாகர் கரையில் ஃபார்முலா ஈ கார்கள் சீறியதைப் பார்த்த பிள்ளைகளுக்கு ரேஸ் ஆசை வந்தால் அதில் தப்பில்லை. நடுராத்திரியில் ராஜீவ் ரகதாரியில் பறக்காமல், பணம் கட்டி முறையான ட்ராக்குக்குப் போகிறார்களே, அந்தப் புத்தி இருந்தாலே போதும் என்பேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் திறந்த ட்ராக் இருக்கிறது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். அங்கே ஹெல்மெட் உண்டு, மார்ஷல் உண்டு, ஆம்புலன்ஸ் நிற்கும், எதிரே லாரி வராது.

ஆபத்து அங்கிருந்து வீட்டுக்கு வருகிற வழியில் இருக்கிறது!

நடந்ததைக் கேளுங்கள். அல்வால் பையன் ஒருவன். பெயர் வேண்டாம். வீட்டில் இருப்பது ஒரே ஹேட்ச்பேக். அதில்தான் ஆபீஸ், அதில்தான் கோயில், அதில்தான் ட்ராக். ரேஸ் ஓட்டும் நண்பன் ஒருவன் தன் காரின் அலைன்மென்ட் கணக்கை போனில் அனுப்பினான். முன் கேம்பர், அதாவது சக்கரத்தின் தலை உள்ளே சாய்கிற கோணம், மைனஸ் 3 டிகிரி. டோ-அவுட், அதாவது சக்கரங்களின் முன்பக்கம் வெளியே விரிந்து நிற்கிற அளவு, 0.30. அவ்வளவுதான் செய்தி. நண்பனின் கார் ட்ராக்குக்கு லாரியில் ஏறிப் போகிற கார் என்பதையோ, அதன் டயரே வேறு என்பதையோ இவன் யோசிக்கவில்லை.

இங்கேதான் முதல் கண்ணி. நண்பன் சொன்னது இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 0.30 டிகிரி. அதாவது சக்கரத்துக்கு 0.15. இவன் போன அலைன்மென்ட் கடையில் இருந்த மெஷினோ டிகிரியும் நிமிஷமுமாகக் காட்டுகிற மெஷின். இவன் சொன்ன 0.30 அங்கே 30 நிமிஷம் ஆயிற்று. 30 நிமிஷம் என்றால் அரை டிகிரி. அதுவும் ஒவ்வொரு சக்கரத்துக்கும். கேட்டதைப் போல மூன்று மடங்குக்கும் மேல்! மெஷினில் எல்லாமே பச்சையாக மின்னியது, இவன் சொன்ன எண்ணைத்தானே இலக்காகப் போட்டிருந்தார்கள்.

அரை டிகிரி என்ன செய்துவிடும் என்று நினைக்காதீர்கள். அரை டிகிரி கோணலாக நிற்கும் சக்கரம் கிலோமீட்டருக்கு எட்டு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தேய்கிறது. அல்வாலிலிருந்து இருங்காட்டுக்கோட்டை போய்த் திரும்ப 1,200 கிலோமீட்டருக்கு மேல். அந்தப் பயணத்துக்குள் டயரைக் குறுக்கே போட்டு அல்வாலிலிருந்து சிகந்திராபாத் ஸ்டேஷன் வரை இழுத்துப் போன கணக்கு. கேம்பர் வேறு சக்கரத்தை உள்பக்கம் சாய்த்து வைத்திருக்கிறது. பாரம் அதிகமாக எங்கே விழும்? அந்த உள் ஓரத்தில்தான்.

வெளியே பார்த்தால் டயர் புத்தம் புதுசு!

வழியெல்லாம் ஸ்டீயரிங் நிலைகொள்ளாமல் அலைந்தது. பையன் அதை ‘ரேஸ் ஃபீல்’ என்று ரசித்தான். திரும்பி வந்தும் செட்டிங்கை மாற்றவில்லை, அடுத்த ட்ராக் டே வருகிறதே என்று. ஒரு விடியற்காலை, மழையில், அம்மாவை விமான நிலையத்தில் விட ஷாமீர்பேட்டையில் அவுட்டர் ரிங் ரோடு ஏறினான். 120 வரை அனுமதி உள்ள ரோடு. முன் இடது டயர் உள்பக்கமாக வெடித்தது. கார் சுழன்று தடுப்பில் மோதி நின்றது. அம்மாவுக்குத் தோள் எலும்பு முறிவு. பின்னால் வண்டி எதுவும் வரவில்லை. வந்திருந்தால்?

டயரைக் கழற்றிப் பார்த்தபோது உள் ஓரத்தில் ரப்பரே இல்லை. கம்பி தெரிந்தது.

கேம்பர் கெட்டது என்று நான் சொல்லவில்லை. வளைவில் கார் வெளிப்பக்கம் சாயும். அப்போது பாரம் தாங்கும் வெளிச் சக்கரம் முழு அகலத்துக்கும் தரையில் படியத்தான் மைனஸ் கேம்பர். ஆனால் நேர் ரோட்டில் அதே சக்கரம் ஓரத்தில் நிற்கிறது. பிரேக் அடித்தால் பிடிக்க ரப்பர் குறைவு. மழையில் இன்னும் குறைவு. டோ-அவுட்டும் அப்படித்தான். வளைவில் மூக்கு சட்டென்று திரும்பும், அவுட்டர் ரிங் ரோட்டில் அதே மூக்கு ஒவ்வொரு சின்ன மேட்டுக்கும் திரும்பப் பார்க்கும்.

இன்னொன்று, இதைப் பலர் அறிவதே இல்லை. நம் ஊர் ஸ்விஃப்ட், ஐ20, போலோ எல்லாவற்றிலும் முன்னால் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் சஸ்பென்ஷன். கம்பெனி அமைப்பில் சாதாரணமாகத் திருத்த முடிவது முன் டோ மட்டும்தான். கேம்பர் வேண்டுமென்றால் கேம்பர் போல்ட் போடுவார்கள், இல்லையென்றால் ஸ்ட்ரட்டின் தலையில் பிளேட் வைப்பார்கள். கேம்பரைத் தொட்டால் டோ தானாக மாறும். காரை இறக்கினாலும் மாறும். ஆகவே உயரம் முதலில், கேம்பர் பிறகு, டோ கடைசியில். ‘கேம்பர் மட்டும் வெச்சுட்டேன் அண்ணா, டோ அப்புறம் பார்க்கலாம்’ என்று ஒருவர் சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு காரை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் வீட்டுக்கு வாருங்கள்!

கேம்பர் போல்ட் சரியாக முறுக்கப்படாவிட்டால் ஒரே பள்ளத்தில் நழுவும். நம் ரோட்டில் பள்ளத்துக்கா பஞ்சம்?

இந்த அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் காரை எடுக்காதீர்கள். நேர் ரோட்டில் ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது. பிரேக் அடித்தால் கார் ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது இரண்டு பக்கமும் ஆடுகிறது. முன்பு இல்லாத ஹூம் சத்தம் டயரிலிருந்து வருகிறது. டயரின் மேல் கையைக் குறுக்கே ஒரு திசையில் தடவினால் வழவழப்பாக இருக்கிறது, எதிர்த் திசையில் தடவினால் ரம்பம் போலத் தட்டுகிறது. டோவைப் பூட்டி வைக்கும் டை ராட் லாக் நட்டில் அடையாளத்துக்கு நேற்று போட்ட பெயின்ட் கோடு இன்று விலகியிருக்கிறது. இந்தக் கடைசி அறிகுறிக்கு நாளை வரை கூட அவகாசம் கிடையாது.

அலைன்மென்ட் செய்யும்போது ஓட்டுபவரின் எடை சீட்டில் இருக்கட்டும், காற்று சரியாக இருக்கட்டும். எண்ணைச் சொல்லும்போது ஒரு சக்கரத்துக்கா மொத்தமா, டிகிரியா நிமிஷமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். முன், பின் அளவு அச்சடித்த தாளை வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். யாருடைய எண்ணையும் கடன் வாங்காதீர்கள். ட்ராக்கில் ஓட்டி முடித்து வெளியே வந்தவுடன், அங்கேயே டயரின் உள், நடு, வெளி மூன்று இடத்திலும் ஊசி வகை வெப்பமானியால் சூடு பாருங்கள். உள் ஓரம் மற்றவற்றைவிட மிகவும் கொதித்தால் உங்கள் காருக்கு அந்தக் கேம்பர் அதிகம். வெளி ஓரம் கொதித்தால் போதவில்லை. உங்கள் எண்ணைச் சொல்ல உங்கள் டயருக்குத்தான் தெரியும்.

பின் சக்கரத்தில் மட்டும் டோ-அவுட் வைத்துவிடாதீர்கள். வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த கணமே பின்பக்கம் முந்திக்கொண்டு வரும். தேர்ந்த கைகளே அதில் தடுமாறும்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்கிறீர்களா? பாலிசியை எடுத்துப் படியுங்கள். ரேஸ், வேகச் சோதனை இவற்றுக்குப் பயன்படுத்தினால் பொறுப்பில்லை என்று நம் ஊர்த் தனியார் கார் பாலிசியில் அச்சிட்டே இருக்கிறது. ட்ராக்கில் நசுங்கினால் முழுச் செலவும் உங்களுடையது. ரோட்டில் நடந்தாலும், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டித் தகராறு வரலாம்.

இன்று ராத்திரியே செய்யுங்கள். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி நிறுத்துங்கள், டார்ச் அடித்து உள் ஓரத்தைப் பாருங்கள், மறுபக்கமும் திருப்பிப் பாருங்கள். டயரின் பள்ளங்களுக்குள் இருக்கும் தேய்மானக் கட்டை 1.6 மில்லிமீட்டர் உயரம். ரப்பர் தேய்ந்து அதோடு சமமாகிவிட்டதென்றால் நாளைக்கு ஆபீஸுக்கு பஸ்ஸில் போங்கள்.