விளையாட்டாசிரியர்களை உருவாக்கிய பெருமகன்

மன்னார்ப் பெருநிலப்பரப்பில், நானாட்டான் பகுதியிலே, வயல்களின் நடுவே அமைந்த சிற்றூர் நறுவிலிக்குளம். மரமும் குளமும் சேர்ந்து பெயர் கொடுத்த ஊர். நறுவிலிப் பழத்தின் பசையைக் கொண்டு பட்டம் ஒட்டிய சிறுவர்கள் ஒரு காலத்தில் நம் கிராமங்களெங்கும் இருந்தனர். இன்றோ வெயில் தாழ்ந்ததும் இரு கம்பங்களுக்கிடையே வலை கட்டிக் கரப்பந்தாடுகின்றனர். அறுவடை முடிந்த வயல்வெளியில் உதைபந்து உருளுகின்றது. மன்னார் மாவட்டத்துக்கெனப் பொது விளையாட்டு மைதானம் அமைப்பதற்குத் தெரிந்தெடுக்கப்பட்ட இடமும் நறுவிலிக்குளமே.

இந்த வலையும் பந்தும் நம் ஊர்களுக்கு வந்த வழியை நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா? கரப்பந்தாட்டத்தை 1916-ல் இலங்கைக்குக் கொண்டுவந்தவர், கொழும்பு வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் தேகப்பயிற்சி இயக்குநராயிருந்த உவால்ட்டர் கமாக் என்பவர். அதே ஆட்டம் 1991-ல் நம் நாட்டின் தேசிய விளையாட்டு என்ற தகுதியைப் பெற்றது. ஆனால் ஒருவர் கொணர்ந்த ஆட்டம் ஊர்தோறும் பரவ வேண்டுமாயின், ஊர்தோறும் அதைக் கற்பிக்கும் ஆசிரியர் வேண்டும். அத்தகைய ஆசிரியர்களை உண்டாக்குவதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்ட ஒருவரைப் பற்றி இவ்வாரம் கூற விரும்புகிறோம். அவர் பெயர் ஹாரி குரோ பக். சென்னை மக்கள் 'பக் துரை' என்று அறிந்த பெரியார் அவர்.

1884-ல் ஐக்கிய அமெரிக்காவிலே பிறந்த பக், மசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்ட் கல்லூரியிற் பயின்றவர். அக்கல்லூரியின் சிறப்பை அறிய ஒரு சிறு வரலாறு போதும். 1891-ம் ஆண்டுக் குளிர்காலம். வெளியே பனி மூடிக்கிடக்க, மண்டபத்துக்குள் அடைபட்ட மாணவர்கள் ஒரே விதமான தேகப்பயிற்சியில் அலுத்துப் போயினர். 'இவர்களுக்கு ஏற்ற புதிய ஆட்டம் ஒன்றை இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடி' என்று ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் இளம் ஆசிரியருக்குத் தலைவர் பணித்தார். அவர் பழக்கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்திலே மாட்டி, பதின்மூன்று விதிகளை எழுதி, வகுப்பிலிருந்த பதினெட்டுப் பேரையும் ஒன்பது ஒன்பதாகப் பிரித்து ஆடவிட்டார். கூடைப்பந்தாட்டம் பிறந்தது! நான்கே ஆண்டுகளில், 1895-ல், அதே மாநிலத்தின் ஹோலியோக் நகரில் வில்லியம் மோர்கன் கரப்பந்தாட்டத்தை அமைத்தார். தம் வகுப்பிலுள்ள அனைவரும் ஆட வேண்டும் என்று கவலைப்பட்ட ஆசிரியர்களிடமிருந்தே இவ்விரு ஆட்டங்களும் தோன்றின என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்ளல் நன்று.

அந்தக் கவலையைப் பக் துரையும் தம்முடன் சுமந்து 1919-ல் சென்னைக்கு வந்தார். வந்து பார்த்தபோது பள்ளிக்கூடங்களில் 'டிரில்' இருந்தது, விளையாட்டு அரிதாயிருந்தது. வரிசையாக நிற்கவைத்துக் கைகளை உயர்த்தித் தாழ்த்தச் செய்வதோடு தேகப்பயிற்சி நிறைவுற்றது. இதை மாற்ற ஒருவராற் கூடுமோ? நூறு பிள்ளைகளுக்கு ஒருவர் கற்பிக்கலாம். நூறு ஆசிரியர்களை ஆக்கிவிட்டால் பல்லாயிரம் பிள்ளைகளுக்குக் கற்பித்ததாகும். இக்கணக்கை நன்கறிந்த பக், 1920-ல் ஐந்தே மாணவர்களுடன் தேகப்பயிற்சிக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். சென்னை வை. எம். சி. ஏ. உடற்கல்விக் கல்லூரி என்று பிற்காலத்தில் பெயர் பெற்ற அந்நிறுவனமே ஆசியாவில் இத்துறைக்கு ஏற்பட்ட முதற் கல்லூரி என்பர். நகரின் நடுவே சிறியதாய்த் தொடங்கிய அக்கல்லூரி, பின்னர் சைதாப்பேட்டைக்கு அருகே நந்தனத்தில் பரந்த மரச்சோலைக்குள் இடம்பெற்று இன்றளவும் நிலைத்திருக்கிறது.

அங்கே ஓட்டமும் பாய்ச்சலும் கற்பிக்கப்பட்டன. கூடைப்பந்தும் கரப்பந்தும் உதைபந்தும் ஹொக்கியும் கற்பிக்கப்பட்டன. ஓர் ஆட்டத்தில் மட்டும் வல்லவராயிருப்பது ஆசிரியருக்குப் போதாது என்பது பக் துரையின் கொள்கை. மேல்நாட்டு ஆட்டங்களுடன் அவர் நின்றுவிடவுமில்லை. தண்டாலும் பஸ்கியும் சடுகுடுவும் இந்நாட்டாரின் செல்வங்கள் என்று கண்டு, அவற்றையும் பாடத்திட்டத்திலே சேர்த்தார். பல்வேறு ஆட்டங்களின் விதிகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். விதி எழுதப்படாத ஆட்டம் ஊருக்கு ஊர் மாறிக் கலகத்துக்கு இடமாகும்; எழுதப்பட்ட விதியோ ஊருக்கு ஊர் நட்பை வளர்க்கும். நமது கிளித்தட்டை ஓர் ஊரில் ஒரு விதமாகவும் அடுத்த ஊரில் வேறு விதமாகவும் ஆடக் கண்டோர் இதன் உண்மையை எளிதில் உணர்வர்.

பக் துரையின் புகழுக்கு உலகறிந்த காரணம் ஒன்றுண்டு. 1924-ல் பாரிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டிக்கு இந்திய மெய்வல்லுநர்கள் சென்றபோது, அக்குழுவின் மேலாளராய் உடன் சென்றவர் அவரே. தடை தாண்டி ஓடிய கண்ணூர் இலட்சுமணன், நீளம் பாய்ந்த தலிப் சிங், மரதன் ஓடிய ஹிங்கே ஆகியோர் அக்குழுவில் இருந்தனர். பதக்கம் எதுவும் கிட்டவில்லை. எனினும் அவர் சோர்ந்தாரில்லை. நோரன் என்னும் தம் தோழருடன் மாகாணந்தோறும் சென்று விளையாட்டுச் சங்கங்கள் தோன்ற உழைத்தார். அவ்வுழைப்பின் பயனாக 1927-ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவாயிற்று. மறு ஆண்டு ஆம்ஸ்ரடாமில் இந்திய ஹொக்கி அணி தங்கப் பதக்கத்தை வென்றது.

1943-ல் பக் துரை காலமானார். இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் நம் இலங்கையிலிருந்தும் ஆசிரியர்கள் அவரது கல்லூரிக்குச் சென்று பயின்றனர். 'சென்னையிற் பயிற்சி பெற்றவர்' என்ற அடைமொழியுடன் நம் கல்லூரிகளிற் பணியாற்றிய தேகப்பயிற்சி ஆசிரியர்களை மூத்த தலைமுறையினர் மறந்திரார். கழுத்திலே விசில், கையிலே பந்து, காலை ஐந்தரை மணிக்கே மைதானத்திற் காத்திருக்கும் உருவம்! சந்தியிலே வீணே நின்றிருக்கக்கூடிய எத்தனையோ பிள்ளைகளை அவ்வுருவம் மைதானத்துக்கு அழைத்துக்கொண்டது.

இன்று நம் வீடுகளில் நடப்பது என்ன? பரீட்சை நெருங்கியதும் முதலில் பறிபோவது விளையாட்டுப் பாடவேளையே. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் அதைக் கடன் கொடுக்கிறோம், திருப்பிப் பெறுவதில்லை. வென்றவன் பெயரைப் பத்திரிகையிற் பார்த்து மகிழும் நாம், தோற்றபின் கைகொடுக்கவும், நடுவரின் தீர்ப்புக்குப் பணியவும், தன் முறை வரும்வரை பொறுக்கவும் நம் பிள்ளை எங்கே கற்றான் என்று கேட்பதில்லை. புத்தகம் இவற்றைச் சொல்லித் தரும். மைதானமே பழக்கித் தரும்.

நறுவிலிக்குளம் போன்ற ஊர்களில் மைதானங்கள் எழுவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் மதிலும் மண்டபமும் தாமாக ஒரு பிள்ளைக்கும் பந்தைப் பிடிக்கக் கற்பிக்கமாட்டா. ஐந்து மாணவர்களோடு தொடங்கிய ஒருவரின் வரலாறு நமக்குக் கூறுவது இதுவே: முதலில் ஆசிரியரைத் தேடுங்கள். பல ஆட்டம் அறிந்த, எல்லாப் பிள்ளைகளையும் ஆடவைக்கும் ஓர் ஆசிரியர் கிடைத்துவிட்டால், அறுவடை முடிந்த வயலும் அவருக்குப் போதும்.