பழைய டர்போ காரில் தொலைந்த ‘பவர்’

வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து 10 ஆண்டுகளுக்கு மேலாக ஓடும் டர்போ கார், தேக்காவில் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சரிவில் ஏறும்போதே திணறும். உடனே கணினி நிரலை மாற்றி ‘பவர்’ கூட்டலாம் என்று யோசிப்பவர்கள், முதலில் தொலைந்த பவர் எங்கே போனது என்று பார்ப்பது நல்லது.

இயந்திரத்திலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் சுழலும் டர்போ, காற்றை அழுத்தி உள்ளே அனுப்புகிறது. நாளடைவில் ரப்பர் குழாய்களில் விரிசல் விழும். அழுத்திய காற்று வழியிலேயே கசிந்துவிடும். தேய்ந்த ஸ்பார்க் பிளக்கும் தூசி அடைத்த காற்று வடிகட்டியும் சேர்ந்துகொள்ளும். இவற்றை மாற்றும் செலவு, புதிய டர்போவின் விலைக்கு முன் அற்பம்.

அதற்கும் மேல் அழுத்தத்தைக் கூட்டினால் காற்று சூடாகும். 30 டிகிரியைத் தாண்டும் நம் வெயிலில், விரைவுச்சாலை நெரிசலில் நிற்கும்போது இன்டர்கூலருக்குப் போதிய காற்றோட்டம் கிடைக்காது. பெட்ரோல் தானாகப் பற்றி வெடித்தால் பிஸ்டன் பாழாகும். 98 ஆக்டேன் பெட்ரோல் ஓரளவுக்குத்தான் காப்பாற்றும்.

இயந்திரத்தையோ புகைபோக்கியையோ மாற்றுமுன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் பார்த்துவிட வேண்டும். பல மாற்றங்களுக்கு அனுமதி தேவை. 10 ஆண்டைக் கடந்த கார் ஆண்டுதோறும் சோதனைக்குப் போகிறது என்பதும் நினைவிருக்கட்டும். காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்கும் நாளில்தான் சிக்கலாகும்.