காவிரிக் கரைக் குழந்தைகளுக்கு நீச்சற் பயிற்சி

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. இவ்விரு ஆறுகளுக்கும் இடையே தீவாக அமைந்துள்ளது ஸ்ரீரங்கம். உய்யக்கொண்டான் முதலிய வாய்க்கால்களும், குளங்களும், கிணறுகளும் இவ்வட்டாரத்தில் நிறைந்துள்ளன. ஆற்றங்கரையில் வளரும் குழந்தைக்கு நீச்சல் தானாக வந்துவிடும் என்று எண்ணுவோர் உண்டு. அது சரியன்று. நீச்சலும் எழுத்தைப் போலக் கற்பிக்க வேண்டியதே.

மேட்டூர் அணை பாசனத்துக்காக வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படுகிறது. கோடையில் மணலில் ஓடியாடிய சிறுவன், புதுநீர் வந்த பின்னும் பழகிய இடமென்று இறங்குகிறான். மணல் அள்ளிய பள்ளங்களை நீர் மறைத்துவிடுகிறது. முழங்கால் ஆழம் அடுத்த அடியிலேயே ஆளுயரமாகிறது. ஆகவே, நீர் வருமுன்பே பயிற்சி முடிந்திருக்க வேண்டும்.

வங்காள தேசத்தில் 2006 முதல் ஊர்க்குளங்களில் மூங்கில் மேடையும் தடுப்பும் கட்டிச் சிறுவர்களுக்கு நீச்சல் கற்பித்து வருகின்றனர். 25 மீட்டர் நீந்துவதும், 30 விநாடி மிதப்பதும் அங்கே தேர்வாகும். ஆறு வயதுக்கு மேற்பட்டோருக்கு இப்பயிற்சியை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது. அதற்குக் குறைந்த வயதினருக்குப் பெரியவர்களின் இடைவிடாத கண்காணிப்பே பாதுகாப்பு.

பயிற்சிக்கு ஓடும் ஆறு ஏற்றதன்று. சிறுவனின் இடுப்பளவே நீருள்ள, தரை சமமான, தூய குளமே போதும். முதலில் நீருக்குள் மூச்சை விடப் பழக்குக. அடுத்து, மூச்சை நிரப்பி மல்லாந்து மிதக்கச் செய்க. பிறகு, விழுந்தவுடன் கரைப்பக்கம் திரும்பிப் படியைப் பற்றக் கற்பிக்க. உடுத்திய உடையோடும் இவற்றைச் செய்து பழகட்டும். கைவீசி நீந்துவது இதன் பின்னரே.

ஒருவன் மூழ்கும்போது மற்றவன் குதித்தால் இருவரும் மாளக்கூடும். கரையில் நின்று கூவி ஆள் அழைக்கவும், கழியோ துண்டோ நீட்டவும் சிறுவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். மீட்ட குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றலாகாது. அதனால் நேரமே வீணாகும். மூச்சில்லையேல் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சூட்டி, மார்பை அழுத்த வேண்டும். மற்றொருவர் 108-ஐ அழைக்க வேண்டும்.

மார்ச் 22-இல், உலகத் தண்ணீர் நாளன்று கூடும் கிராம சபையில் பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதனை முன்வைக்கலாம். ஆபத்தான துறைகளைக் கண்டு எச்சரிக்கைப் பலகை நடுதல், கைப்பிடிச் சுவரில்லாத கிணறுகளுக்குச் சுவர் எழுப்புதல், படித்துறைதோறும் கயிறும் மூங்கிற்கழியும் வைத்தல், கோடை விடுமுறையில் நீச்சல் வல்லாரைக் கொண்டு பயிற்சி நடத்துதல் ஆகிய நான்கையும் தீர்மானித்துவிட்டால், ஜூன் மாத நீருக்கு முன் இரண்டு மாதங்களுக்குமேல் கிடைக்கும். ஆண் பெண் என்ற வேற்றுமையின்றி ஊரின் எல்லாக் குழந்தைகளையும் பயிற்சியில் சேர்ப்பது அவசியம். வயலுக்கு வரும் நீரை வரவேற்க வாய்க்காலைத் தூர்வாரும் நாம், அந்நீரில் இறங்கப்போகும் குழந்தைகளையும் ஆயத்தம் செய்வோமாக.