ஒரே மைதானம், நான்கு பனியன்கள்

போடிநாயக்கனூரில் கூடைப்பந்து ஆடும் நான்கு பையன்களை நினைத்துக்கொள்வோம். நால்வரும் ஒரே பள்ளியில், ஒரே பி.இ.டி. சாரிடம் பந்து தட்டக் கற்றவர்கள். பிளஸ் டூ முடிந்ததும் பாதை பிரிந்தது. ஒருவன் ஊரிலேயே சி.பி.ஏ. கல்லூரியில் பி.காம். சேர்ந்தான். இன்னொருவனுக்குப் போடி அரசு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. மூன்றாமவன் க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போனான். நான்காமவன் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் படிக்கிறான். லீவு நாட்களில் வெயில் மேற்கு மலைக்குப் பின்னால் இறங்கியதும் நால்வரும் பழைய மைதானத்தில் கூடிவிடுவார்கள்.

நால்வரும் நன்றாக ஆடிப் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகிறார்கள் என்றால், யார் எந்தப் பனியனைப் போடுவார்கள்? முதலாமவன் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கு ஆடுவான். இரண்டாமவன் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு. மூன்றாமவன் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு. நான்காமவன் கோவையில் இருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு. போடியில் ஒரே பக்கம் ஆடுகிறவர்கள் தென்மண்டலப் போட்டியில் எதிரெதிரே நிற்கவும் நேரலாம். இது எப்படி வந்தது என்று பார்த்துவிட்டால், நம் பக்கத்துப் பல்கலைக்கழகக் கூடைப்பந்தின் கதை பாதி புரிந்துவிடும்.

பல்கலைக்கழக அணி என்றதும் நம்மில் அநேகமாக எல்லாருக்கும் ஒரே எண்ணம்தான் வருகிறது: அந்த வளாகத்துக்குள் படிக்கிற மாணவர்களின் அணி. மதுரை காமராசர் அணி என்றால், தேனி சாலையில் பல்கலை நகரில் விடுதியில் தங்கி, அங்கேயே ஆடிப் பழகுகிற பையன்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். போடியிலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் போகும்போது அந்த வளாகத்தைத் தாண்டித்தான் போகிறோம். அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் அந்தப் படம் அமெரிக்காவுக்குப் பொருந்தும், நமக்குப் பொருந்தாது.

அமெரிக்காவில் எப்படி என்று ஒரு நிமிடம் பார்ப்போம். 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நைஸ்மித், குளிர்காலத்தில் கூரைக்கு அடியில் ஆட ஒரு விளையாட்டு வேண்டுமென்று பீச் பழக்கூடைகளை மாட்டி, பதின்மூன்று விதிகளோடு கூடைப்பந்தைத் தொடங்கினார். 1898-ல் அவர் கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கே அணியை உருவாக்கினார். இன்றும் அந்த அணியின் ஆட்கள் கான்சாஸ் மாணவர்கள்தான். வளாகம், மைதானம், பயிற்சியாளர் எல்லாம் ஒரே இடத்தில். ஆகவே அந்த அணியின் வரலாற்றை எழுத ஒரே ஊருக்குப் போனால் போதும்.

நம்முடைய பல்கலைக்கழகங்கள் வேறு விதமாகப் பிறந்தவை. 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தை லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைத்தார்கள். பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. தேர்வு வைப்பதும் பட்டம் கொடுப்பதும் பல்கலைக்கழகத்தின் வேலை. இப்படிப் பல கல்லூரிகளைத் தன் கீழே சேர்த்துக்கொண்டதை இணைப்புப் பல்கலைக்கழகம் என்கிறோம். பட்டம் யார் பெயரில் வருகிறதோ, பனியனும் அவர் பெயரில் வருகிறது.

போடிக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மலையில் பல தோட்டங்களில் விளைந்த ஏலக்காய் கீழே வருகிறது. சல்லடையில் சலித்து, எட்டு எம்.எம். காயைத் தனியாகப் பிரித்து, ஒரே மூட்டையாகக் கட்டுகிறார்கள். மூட்டையின் மேல் வியாபாரியின் பெயர் இருக்கும். உள்ளே இருக்கும் காய் எந்தத் தோட்டத்துக் காய் என்று மூட்டை சொல்லாது. இணைப்புப் பல்கலைக்கழகத்தின் அணியும் அப்படித் திரட்டிய அணிதான்.

இங்கே சல்லடை என்பது கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. பையன்கள் வாயில் ‘இன்டர் காலேஜ்’. அதில் ஆடுகிறவர்களைத் தேர்வுக் குழு ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறது. கோப்பை வென்ற கல்லூரியிலிருந்துதான் எல்லாரும் வர வேண்டும் என்பதில்லை. அதிகம் கூடை போட்டவனை மட்டும் எடுப்பதும் இல்லை. 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள மைதானத்தில், 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கும் வளையத்தில் பட்டுப் பந்து திரும்பும் அந்த நொடியைக் கவனியுங்கள். ஒரு பையன் பந்தைப் பார்ப்பதற்கு முன்பே எதிராளியைத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, முழங்காலை மடக்கித் தயாராக இருப்பான். அவன் பெயர் ஸ்கோர் ஷீட்டில் பெரிதாக வராது. நல்ல தேர்வாளரின் நோட்டில் வந்துவிடும். இப்படிப் பொறுக்கி எடுத்தவர்களில் கடைசியாகப் பன்னிரண்டு பேர் கோச்சிங் கேம்ப் முடித்துக் கிளம்புகிறார்கள்.

அங்கிருந்து ஏணி மேலே போகிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நாட்டை நான்கு மண்டலமாகப் பிரித்துப் போட்டி நடத்துகிறது. தென்மண்டலத்தில் முதலில் நாக் அவுட். தோற்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். மிஞ்சும் நான்கு அணிகள் தங்களுக்குள் லீக் முறையில் ஆடி, அகில இந்தியப் போட்டிக்குப் போகின்றன. பல்கலைக்கழகத்துக்காக ஆடியதற்குக் கிடைக்கும் சான்றிதழை மத்திய அரசு வேலைக்கான ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ‘படிவம் 3’ என்கிறார்கள். தோட்ட வேலைக்குப் போகும் ஒரு குடும்பத்துக்கு அந்தக் காகிதத்தின் மதிப்பு நமக்குத் தெரியும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நைஸ்மித்தின் பள்ளியிலிருந்து நேராக நம் மாநிலத்துக்கு வந்த கோடு அது. அங்கே பயின்றவர்கள் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களாகப் போனார்கள். ஒரு கல்லூரியில் கூடைப்பந்து வேர் பிடித்ததா இல்லையா என்பது, அங்கிருந்த பிசிகல் டைரக்டர் அந்த ஆட்டத்தை நேசித்தாரா என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அமைந்தது.

அதன் பிறகு பனியன்கள் மாறிக்கொண்டே வந்தன. மதுரையில் 1957-ல் தொடங்கிய தியாகராசர் பொறியியல் கல்லூரியைப் பாருங்கள். முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகம் பிறந்ததும் அதன் கீழ் வந்தது. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 1978-ல் காமராசர் பெயர் சேர்ந்தது. 2001-ல் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தபோது இதுவும் போனது. மைதானம் நகரவில்லை, அதில் ஆடுகிறவன் போடும் பனியன் மட்டும் மூன்று முறை மாறியது. மருத்துவக் கல்லூரிகள் 1988-ல் இயங்கத் தொடங்கிய மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குப் போயின. 1990-ல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்ததும் தெற்கு மாவட்டக் கல்லூரிகள் மதுரையைவிட்டுப் பிரிந்தன. ஒவ்வொரு பிரிவிலும் மதுரை அணிக்கு ஆள் எடுக்கும் வட்டம் சுருங்கியது. முன்பு மதுரை அணி பலமாக இருந்தது, இப்போது என்ன ஆயிற்று என்று கேட்பதற்கு முன், முன்பு எத்தனை மாவட்டத்துப் பையன்கள் அந்த அணிக்கு வர முடிந்தது என்று கேட்பதுதான் நியாயம்.

இன்னொரு மாற்றமும் வந்தது. எஸ்.ஆர்.எம்., சத்யபாமா போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் பல்கலைக்கழகத்திலேயே படிக்கிறார்கள். அவை கான்சாஸ் மாதிரிக்கு நெருக்கமானவை. நல்ல ஆட்டக்காரர்களைத் தேடிச் சேர்த்து, ஒரே விடுதியில் வைத்து, வருடம் முழுக்கச் சேர்ந்து ஆடப் பழக்க முடியும். கூடைப்பந்தில் இது பெரிய சாதகம். கூட்டாளி எந்தப் பக்கம் வெட்டி ஓடுவான் என்பதை அவன் ஓடுவதற்கு முன்பே அறிந்து பந்தைப் போடுவது சேர்ந்து ஆடி ஆடித்தான் வரும். போடியில் ஒருவன், திண்டுக்கல்லில் ஒருவன், விருதுநகரில் ஒருவன் என்று இருக்கிற அணிக்குக் கேம்ப் நாட்கள்தான் அதற்குக் கிடைக்கும் நேரம்.

அதற்காக இணைப்புப் பல்கலைக்கழகம் என்றாலே தோற்கத்தான் வேண்டும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எல்லா விளையாட்டுகளிலும் சேர்த்துச் சிறந்த பல்கலைக்கழகத்துக்குத் தரும் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பையை அமிர்தசரஸ் குரு நானக் தேவ் பல்கலைக்கழகம் இருபது தடவைக்கு மேல் வென்றிருக்கிறது. அதுவும் கல்லூரிகளை இணைத்து நடத்தும் பல்கலைக்கழகம்தான். கல்லூரி அளவில் விளையாட்டை வளர்த்து, வீரர்களைத் தாங்கிப் பிடித்தால் நம்மாலும் முடியும் என்பதற்கு அது போதுமான சாட்சி.

தாங்கிப் பிடிக்க நம் தேனி மாவட்டத்தில் ரசிகர்கள் இல்லாமல் இல்லை. போடியிலிருந்து தேனி வழியாகப் பெரியகுளம் போனால், சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் அறுபது ஆண்டுக்கு மேலாக அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடத்தி வரும் ஊரைப் பார்க்கலாம். மே மாத இரவுகளில் மின்னொளியில் வங்கி அணிகளும் கடற்படை, விமானப்படை அணிகளும் ஆடும். கேலரியில் உட்கார்ந்திருக்கும் விவசாயிக்கும் ஃபவுல் எது, டிராவலிங் எது என்று தெரியும். அங்கே ஆட்டம் பார்த்து வளர்ந்த பையன்கள் பிறகு எத்தனையோ கல்லூரிகளுக்குப் பிரிந்து போகிறார்கள். அவர்கள் ஆடும் அணிகளின் பெயர்ப் பட்டியலில் பெரியகுளமோ போடியோ தெரியாது.

அதனால்தான் பல்கலைக்கழக அணியின் வரலாற்றை எழுத விரும்புகிறவர் கல்லூரிகளின் பழைய இன்டர் காலேஜ் பதிவேடுகளைத் தேடிப் போக வேண்டும் என்று சொல்கிறேன். வெற்றிச் செய்தி போடுகிற பத்திரிகைகளும் வீரர் பெயருக்குப் பக்கத்தில் அவருடைய கல்லூரியின் பெயரையும் சேர்த்துப் போடலாம். அதற்கு ஒரு வரி போதும்.

கல்லூரியில் சேரப்போகும் கூடைப்பந்துப் பையனுக்கும் ஒரு வார்த்தை. விண்ணப்பம் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள், தம்பி. இந்தக் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது? சென்ற வருடம் இன்டர் காலேஜுக்கு அணி அனுப்பியதா? பிசிகல் டைரக்டர் யார்? முதல் கேள்விக்கான பதில் உங்கள் பனியனில் என்ன பெயர் இருக்கும் என்று சொல்லும். மற்ற இரண்டும் அந்தப் பனியன் உங்களுக்குக் கிடைக்க வழி இருக்கிறதா என்று சொல்லிவிடும்.